வெளிச்சத்தில் முளைத்து இருளில் மறையும் இணைப்புகள்

இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்தால் நம் கண்பாவை உடனே சுருங்கிக்கொள்கிறது. கெண்டைக்கும் தங்கமீனுக்கும் அந்த வசதி இல்லை. அவற்றின் பாவை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள பெரும் ஒளி வேறுபாட்டை அவற்றின் விழித்திரையே சமாளித்தாக வேண்டும். வெளிச்சம் பட்டதும் நிறம் காணும் கூம்புச் செல்கள் குறுகுகின்றன. மங்கல் ஒளிக்கான குச்சிச் செல்கள் நீண்டு கருநிறமிக்குள் ஒளிகின்றன. இதைவிட ஆழமான மாற்றம் செல்களின் இணைப்பிலேயே நடக்கிறது. நரம்பிணைப்புகள் சுவருக்குள் புதைத்த மின்கம்பிகளைப் போல, ஒருமுறை அமைந்தால் அப்படியே கிடப்பவை என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

விழித்திரையில் செய்தியைப் பக்கவாட்டில் பரப்புபவை கிடைச் செல்கள். அவற்றின் கிளை நுனிகள் கூம்புச் செல்லின் அடிமுனைக்குள் புகுந்து அமர்ந்திருக்கின்றன. தங்கமீனை வெளிச்சத்தில் வைத்தால் அந்த நுனிகளில் முள் போன்ற நுண்ணிய புடைப்புகள் முளைக்கின்றன; இருட்டில் அவை உள்வாங்கி மறைகின்றன. ஸ்பைன்யூல் எனப்படும் இவற்றுக்கும் கூம்புகளின் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பை ரேனோ, லாவியோலெட், வாக்னர் ஆகியோர் 1979இல் 'சயன்ஸ்' இதழில் விவரித்தார்கள். கூம்புகள் இருளில் குளூட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை இடைவிடாமல் சுரக்கின்றன. அது முட்களைச் சுருங்க வைக்கிறது. ஒளியில் சுரப்பு குறைய, முட்கள் வளர்கின்றன. ஒளியில் கூடுதலாகச் சுரக்கும் டோபமின் என்ற இன்னொரு வேதிப்பொருளும் இந்த வளர்ச்சிக்குத் துணைபுரிகிறது. அதே டோபமின் கிடைச் செல்களுக்கு இடையிலான நேரடி மின் இணைப்புகளைத் தளர்த்துகிறது என்பது கெண்டை விழித்திரையில் தெரியவந்தது. தளர்ந்த செல் தொலைவிலுள்ள அண்டைச் செல்களின் செய்தியைக் குறைவாகவே பெறுகிறது. ஆக, ஓர் இணைப்பு வளர்கிறது, இன்னொன்று தளர்கிறது. இரண்டையும் ஒளியே நடத்துகிறது.

மின் நுண்ணோக்கிக்காகத் திசுவைப் பதப்படுத்தும்போது உண்டான சிதைவே இந்த முட்கள் எனலாமே? ஒரே முறையில் பதப்படுத்தியும் ஒளிகண்ட விழித்திரையும் இருளில் இருந்த விழித்திரையும் வேறுபடுகின்றன. மருந்துகளைக் கொண்டு முட்களை வளர்க்கவும் சுருக்கவும் முடிகிறது. சிதைவு இப்படிச் சொன்னபடி கேட்காது. இன்னொரு ஐயம் வலுவானது: முட்கள் வளர்வது பார்வையை மாற்றுகிறதா, அல்லது உடன் நிகழ்கிறதா? ஒளிக்குப் பழகிய மீனின் சில கிடைச் செல்கள் ஒரு நிறத்துக்கு ஒரு திசையிலும் வேறொரு நிறத்துக்கு எதிர்த்திசையிலும் மின்மாற்றம் காட்டுகின்றன. இருளில் அந்த நிற எதிர்வினை மங்குகிறது, முட்களும் குறைகின்றன. இந்த ஒற்றுமையால்தான், கிடைச் செல்கள் கூம்புகளுக்குத் திருப்பி அனுப்பும் செய்திக்கு முட்களே வழி என ஆய்வாளர்கள் கருதினார்கள். முட்கள் மட்டுமே அந்த வழி என்பது நிலைநாட்டப்படவில்லை. கிடைச் செல் சவ்விலுள்ள நுண்துளைகள் வழியாகவும் அந்தச் செய்தி திரும்பிப் போகலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆனால் முட்களின் பணி பற்றிய விவாதம் அவை முளைத்து மறைகின்றன என்ற உண்மையைத் தொடுவதில்லை.

மீனின் கண்ணுக்கு மட்டும் உரிய விந்தை என்றும் இதை ஒதுக்க முடியாது. முயலின் விழித்திரையிலும் டோபமின் சில செல்களின் மின் இணைப்புகளைத் தளர்த்துகிறது. முட்கள் மீனுக்கே உரியவையாக இருக்கலாம்; இணைப்பைச் சூழலுக்கேற்பத் திருத்தும் ஏற்பாடு அதைவிடப் பரவலானது. நரம்பிணைப்பு மாறுவதைக் கற்றலோடும் நினைவோடும் மட்டுமே சேர்த்துப் பேசிப் பழகிவிட்டோம். எதையும் கற்காமல், எதையும் நினைவில் வைக்காமல், வளர்ந்த மீனின் விழித்திரை இணைப்புகளை அன்றாடம் திருத்திக்கொள்கிறது. மாறுவது நரம்பு மண்டலத்தின் அபூர்வத் திறமை அல்ல, அதன் தினசரி வேலை.