உள்ளங்கையில் ஒரு ஹெரால்டு

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் கையகலக் கார் ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துத் தூசு துடைத்துக் கொண்டிருந்தால், 'இந்த வயதில் பொம்மையா?' என்று வீட்டாரே கேட்பர். இந்தக் குழப்பம் வீட்டாருக்கு மட்டும் உரியதன்று, அரசுக்கும் உண்டு. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடுவதற்கான பொருள்களே அந்த ஆணையின்படி பொம்மைகள். பெரியவர்களுக்கென்றே தயாரிக்கப்படும் அளவு மாதிரிக் கார்கள் அதற்குள் வருவதில்லை. ஆனால், சுங்க வரி அட்டவணையின் 9503-ஆம் தலைப்பு பொம்மைகளையும் அளவு மாதிரிகளையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அத்தலைப்புக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. ஓர் ஆணைக்குப் பொம்மையாகாத பொருள், மற்றொன்றுக்குப் பொம்மையாகிறது.

அப்படியானால் பொம்மைக்கும் அளவு மாதிரிக்கும் என்ன வேறுபாடு? பொம்மைக் கார் காரைப் போல இருந்தால் போதும். அளவு மாதிரியோ, குறிப்பிட்ட ஒரு காரின் ஒவ்வொரு பகுதியையும் ஒரே விகிதத்தில் சுருக்கியதாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடர், 1:18 விகிதத்தில் 24 சென்டிமீட்டராகவும், 1:43-இல் 10 சென்டிமீட்டராகவும், 1:64-இல் 7 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவாகவும் அமையும். சேகரிப்பாளர்களிடையே நெடுங்காலமாகச் செல்வாக்குப் பெற்றிருப்பது 1:43. ஓர் அடியை 7 மில்லிமீட்டராகச் சுருக்கிய மாதிரி ரயில்களுக்குத் துணையாகக் கார்கள் செய்யப்பட்டதால் வந்த விகிதம் அது.

மாதிரி ரயில்களுக்குப் பெயர்பெற்ற லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம்தான் 1930-களில் 'டிங்கி' கார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. துத்தநாகக் கலவையை உருக்கி, அழுத்தத்துடன் எஃகு அச்சில் செலுத்தி வார்க்கும் 'டை காஸ்டிங்' முறை அவற்றை மலிவாக்கியது. லண்டனில் 1947-இல் தொடங்கப்பட்ட லெஸ்னி நிறுவனம் 1953 முதல் தீப்பெட்டி அளவுப் பெட்டியில் 'மேட்ச்பாக்ஸ்' கார்களை விற்றது. பழைய வாகனங்களுக்கென்றே 1956-இல் தனி வரிசை ஒன்றையும் அது தொடங்கியது. இத்தொழிலில் பெருஞ்செலவு பிடிப்பது எஃகு அச்சுதான். அச்சு அமைந்துவிட்டால் அடுத்தடுத்த வார்ப்புகளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பழைய அச்சுகள் கடல்கடந்து விலைபோவதற்கும் இதுவே காரணம். டிங்கியின் அச்சுகள் சில 1960-களின் பிற்பகுதியில் கொல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்களாக வெளிவந்தன. அவற்றுள் ஹெரால்டும் ஒன்று.

அந்த ஹெரால்டு தமிழர்களுக்கு நெருக்கமான கார். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதைத் தயாரித்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பின்னிருக்கையில் பெரியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்லும் நம் குடும்பங்களுக்கு அது ஒத்துவரவில்லை. எனவே 1960-களின் பிற்பகுதியில் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு இங்கே உருவாயிற்று. நம் தேவையறிந்து நம் பொறியாளர்கள் செய்த மாற்றம் அது. ஆனால், வெளிநாட்டு அச்சில் வார்த்த ஹெரால்டு மாதிரியை வாங்கினால், அதில் இருப்பவை இரண்டு கதவுகளே.

நுண்வேலைப்பாடு என்னும் கலைக்கு இங்குதான் வேலை வருகிறது. வாங்கிய காரை அப்படியே அலமாரியில் அடுக்குவது சேகரிப்பு மட்டுமே. மாதிரியின் அடித்தட்டிலுள்ள ரிவெட்டுகளைத் துளையிட்டு நீக்கி, உடலையும் இருக்கைகளையும் பிரித்து, பழைய வண்ணத்தைக் கரைத்தெடுத்து, மெல்லிய கம்பி முனையால் புதிய கதவுக் கோடுகளைக் கீறி, நம் ஊரில் ஓடிய காராக அதை மாற்றுவது வேறொரு பணி. அதில் ஒவ்வொரு முடிவுக்கும் கணக்கு உண்டு. 1:43 மாதிரியின் மீது 0.05 மில்லிமீட்டர் தடிமனில் வண்ணம் படிந்தால், அது உண்மையான காரில் 2 மில்லிமீட்டருக்கு மேல் அப்பியதற்குச் சமம். கீறிய கோடுகள் அனைத்தும் மறைந்துவிடும். அதனால்தான் தூரிகையைத் தவிர்த்து, நீர்க்கக் கரைத்த வண்ணத்தைக் காற்றுத் தெளிப்பானால் பல முறை மெல்லப் பூசுகின்றனர். கதவு இடுக்குகளில் நீர்த்த கறுப்பு வண்ணத்தை ஓடவிட்டுத் துடைத்தால் நிழல் தெரியும். ஒளிரும் விளிம்புகளுக்கு மெல்லிய உலோகத் தாள் ஒட்டப்படுகிறது.

எண் பலகைக்கும் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1960-களின் தனியார் காருக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இட்டால் பிழை. அக்காலத்தில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தே வழக்கம். 'டி.என்.' என்று தொடங்கி மாவட்ட எண் வரும் இன்றைய முறை 1989-இல் வந்தது. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய 1969-க்கு முன்பு எழுத்துகளே வேறு. ஒரு சின்னஞ்சிறு பலகையைச் சரியாக எழுத, நிர்வாக வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

இந்தக் கூர்ந்த பார்வை கொங்கு மண்ணுக்குப் புதிதன்று. அந்தியூர் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில், குதிரைக்குச் சுழியும் மாட்டுக்குப் பல்லும் பார்த்து மதிப்பிடும் பெரியவர்களைக் காணலாம். மாதிரிக் காரைக் கவிழ்த்து அடித்தட்டைப் படிப்பவரும் அதே மரபினர்தாம். நிறுவனத்தின் பெயர், தயாரான நாடு, சக்கரத்தின் வகை, ரிவெட் பிரிக்கப்பட்ட தடம் ஆகியவற்றைக் கொண்டு அவர் மதிப்பைச் சொல்லிவிடுவார்.

ஆனால், இதை முதலீடாகக் கருதுவோருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. மாதிரிக் கார் வட்டியும் தராது, வாடகையும் தராது. அடுத்து வாங்குபவரின் ஆசையே அதன் விலை. பெட்டியுடன் இருந்தால் ஒரு விலை, பெட்டி தொலைந்தால் வேறு விலை. 'குறைந்த எண்ணிக்கை வெளியீடு' என்ற முத்திரை, தயாரிப்பாளரே உருவாக்கும் செயற்கைத் தட்டுப்பாடு. பொருளும் அழியக்கூடியது. 1930-களின் மாதிரிகள் பல, துத்தநாகத்தில் கலந்திருந்த ஈயம் முதலான மாசுகளால் தாமாகவே வெடித்து உதிர்ந்து வருகின்றன. ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். மாற்று மருந்து கிடையாது. மென்மையான டயர்கள் ஆண்டுக்கணக்கில் அழுந்தியிருந்தால், அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டும் உருகியது போலக் குழிவிழும். எனவே, செலவழித்த பணத்துக்கு உறுதியான வருவாய் அறிவும் மனநிறைவும் மட்டுமே.

அந்த அறிவுக்குத்தான் சமூக மதிப்பு இருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்து தொடக்க நிலையிலேயே பேணப்படும் கார்களைப் பழம்பெரும் வாகனங்களாக ஏற்று, 'வி.ஏ.' என்ற தனிப் பதிவெழுத்தும் வழங்கின. வரவேற்கத்தக்க விதி. ஆனால், பெரும்பாலான கார்கள் 50 ஆண்டுகளைக் காண்பதில்லை. அதற்கு முன்பே பழைய இரும்பாகிவிடுகின்றன. அம்பாசடரின் தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது. அரண்மனைகளில் நின்ற ரோல்ஸ் ராய்ஸ்களைப் பேண ஆள் இருக்கிறார்கள். மருத்துவரும் ஆசிரியரும் மஞ்சள் மண்டி வணிகரும் ஓட்டிய ஹெரால்டுக்கும் பத்மினிக்கும் யார் இருக்கிறார்கள்?

இதற்கு விடை கோவையிலேயே இருக்கிறது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றைப் பேருந்துடன் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் நினைவைத் தாங்கி, அவிநாசி சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகம் 2015 முதல் இயங்குகிறது. அங்கு 1886-ஆம் ஆண்டின் பென்ஸ் மோட்டார் வண்டி நகலாகவே நிற்கிறது. அசல் கிடைக்காதபோது, துல்லியமான நகலும் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் என்பதற்கு அதுவே சான்று. முழு அளவு நகலுக்குப் பொருந்துவது சிறு அளவு மாதிரிக்கும் பொருந்தும்.

பம்புக்கும் மோட்டாருக்கும் உதிரி பாகங்களை வார்க்கும் கோவைப் பட்டறைகளுக்கு, பத்து சென்டிமீட்டர் கார் ஒன்றை வார்ப்பது எட்டாத வித்தையன்று. அதற்கு முன் வரைபடங்கள் வேண்டும். கொங்கு மண்டலத்தின் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் தம் ஊர்க் கொட்டகைகளில் நிற்கும் பழைய கார்களை உரிமையாளரின் இசைவுடன் அளந்து, படமெடுத்து, வரைபடமாக்குவதை ஒரு பாடத்திட்டப் பணியாகவே செய்யலாம். வரியைப் பொறுத்தவரை, குழந்தைகளின் பொம்மைத் தொழிலைக் காக்கும் நோக்கத்தை அளவு மாதிரிகள் மீதும் சுமத்துவது தேவைதானா என்று அரசு எண்ணிப் பார்க்கலாம்.

கொட்டகையில் நிற்கும் நான்கு கதவு ஹெரால்டு காயலான் கடைக்குப் போகும் முன், அதன் அளவுகளையாவது எடுத்து வைப்போம். அளவு கையில் இருந்தால், மாதிரியை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.