எட்டு மணி நேரப் பரீட்சை

பரீட்சை என்றதும் வினாத்தாளும் மைக்கூடும்தான் நம் நினைவுக்கு வரும். எழுதுவதைவிடச் செய்து காட்டுவதே பிரதானமாக உள்ள பரீட்சை ஒன்று உண்டு. கம்ப்யூட்டர்களை வலையாகப் பின்னி இணைக்கும் தொழிலில் நிபுணர் என்று சான்று பெற, சிஸ்கோ கம்பெனி 1993-ல் ஆரம்பித்த சி.சி.ஐ.இ. செய்முறைப் பரீட்சைதான் அது. முதலில் இரண்டு நாள் நடந்தது. 2001-ல் ஒரே நாளாக, எட்டு மணி நேரமாகச் சுருக்கிவிட்டார்கள். மாதக்கணக்கில் இராக்கண் விழித்துப் படித்து, பெருந்தொகை கட்டி வருகிறவர்கள் பலர் இதில் தவறுவது அறிவுக் குறைவினால் அல்ல; கடிகாரத்தினால்!

இந்த எட்டு மணி இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முதல் மூன்று மணி நேரம் திட்டம் வகுக்கும் பகுதி. இதில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர வழியில்லை. ஆகவே பதிலைக் கொடுத்ததும் அதை மறந்துவிட வேண்டும். அடுத்த ஐந்து மணி நேரம் கருவிகளோடு மல்லுக்கட்டும் பகுதி. இங்கே முன்னும் பின்னும் போகலாம். அந்தச் சுதந்திரமே பலருக்கு வினையாகிறது. காலையில் விடத் தெரியாதவர் தவிக்கிறார். பிற்பகலில் ஒன்றையே பிடித்துக்கொண்டவர் மூழ்குகிறார்.

ஓர் உதாரணம் பாருங்கள். இரண்டு ரூட்டர்கள் ஓ.எஸ்.பி.எஃப். முறையில் உறவு கொள்ள மறுக்கின்றன. பதறிப்போனவர் கடவுச்சொல், நேர அளவு, ஏரியா எண் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். ஒரு மணி பறந்துவிடும். நிதானமுள்ளவர் முதலில் உறவு எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பார். அண்டை ரூட்டரின் பெயரே பட்டியலில் இல்லையா? நேர அளவையோ ஏரியாவையோ சந்தேகிக்கலாம். பெயர் இருந்தும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நொண்டுகிறதா? பெரும்பாலும் இரு பக்கமும் எம்.டி.யு. என்ற பொட்டல அளவு பொருந்தவில்லை. ஒரு நிமிஷப் பார்வை ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

பதினைந்து நிமிஷத்தில் பிடிபடாத முடிச்சை, எண்ணைக் குறித்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள் என்பேன். ஆனால் எல்லா முடிச்சையும் அப்படி விட முடியாது என்பதுதான் சங்கடம்! ஸ்விட்ச்களுக்கு இடையிலான இணைப்பே படுத்துவிட்டால், அதன்மேல் கட்டும் அத்தனையும் சரியும். அடித்தளக் கோளாறா, ஒற்றைக் கேள்விக் கோளாறா என்று பிரித்தறியவே முதல் அரைமணியில் கேள்விகள் முழுவதையும் படித்துவிட வேண்டும். அந்த அரைமணியை வீண் என்று எண்ணி உடனே தட்டச்சில் கை வைப்பவர்தான், மூன்றாம் கேள்விக்காகச் செய்ததைப் பதினைந்தாம் கேள்விக்காகக் கலைக்கிறார்.

கடைசி முக்கால் மணியில் புதிதாக எதையும் தொட வேண்டாம். கேட்டதெல்லாம் நிறைவேறினால்தான் அந்தக் கேள்விக்கு மதிப்பெண். முக்கால்வாசி வேலைக்கு முக்கால்வாசி மதிப்பெண் கிடையாது. காலையில் சரியாக ஓடியது, மாலையில் வேறொரு மாற்றத்தால் நின்றிருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் மறுபடி சோதியுங்கள். அப்படியே கட்டளைகளைக் கருவியில் சேமித்துவிடுங்கள். சேமிக்காத ரூட்டர் அணைந்து எழுந்தால், நீங்கள் செய்த மாற்றம் ஒன்றுகூட அதற்கு நினைவிருக்காது.