புறவாசலைப் பார்க்கச் சொன்ன மனிதர்

"கீழாநெல்லி கொண்டாந்திருக்கேன் டாக்டர், சரியான்னு பாருங்க!"

கணவருக்கு மஞ்சள் காமாலை என்று பை நிறையச் செடியோடு வந்தார் ஓர் அம்மா. பிரித்துப் பார்த்தால், வேறு ஏதோ பூண்டு! இலைக்காம்பின் அடியில் குட்டிக் குட்டி நெல்லிக்காய் போல வரிசையாகத் தொங்குமே, அதுதான் கீழாநெல்லி என்று அடையாளம் சொன்னேன்.

"ஐயோ, அது எங்க மதிலோரமே நின்னுதே! களைன்னுல்லா பிடுங்கிப் போட்டோம்!"

அவர் போனபின் எனக்கு மா.கிருஷ்ணன் ஞாபகம் வந்தது. உங்களுக்குத் தெரியுமோ? நமக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் 1912-ல் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் ஃபைசன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரிடம் தாவரவியல் படித்தவர்.

கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் மறையும் வரை 46 வருஷம் ஆங்கிலத்தில் எழுதினார். யானை, சிறுத்தையைப் பற்றி மட்டுமா? நம் வீட்டுக் காக்கை, அணில், தேரை பற்றியும்தான்! படிக்கிறவர் உதட்டில் சிரிப்பு வராமல் இராது. தமிழிலும் எழுதியிருக்கிறார், 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுப்பை வாங்கிப் படியுங்கள். 1970-ல் பத்மஸ்ரீ பெற்ற பெரிய மனிதர், கொல்லைப்புறத்தைக் குனிந்து பார்க்க வெட்கப்படவில்லை.

ஒரு விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நட்டு, நம் மண்ணின் மரங்களை மறக்கிறோமே என்று வருந்துவார்.

இன்று நம் நாஞ்சில் நாட்டு வீடுகளைப் பாருங்கள். புறவாசலில் ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவள்ளி நின்ற இடமெல்லாம் இன்டர்லாக் கல்! மிச்ச இடத்தில் குரோட்டன்ஸ் தொட்டி. அழகு இருக்கட்டும், இருமலுக்கு அது கஷாயம் ஆகுமா?

செடி போனால் மறுபடி நடலாம். அடையாளம் மறந்து போனால் ஆபத்து. தப்பான செடியை அரைத்துக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. காமாலை என்றதும் கீழாநெல்லியை நீங்களாகவே அரைக்க வேண்டாம். முதலில் ரத்தப் பரிசோதனை. பித்தநீர்க் குழாயில் கல் அடைத்து வந்த காமாலையைக் கீழாநெல்லி தீர்க்காது. அந்த அம்மாவின் கணவரையும் முதலில் பரிசோதனைக்குத்தான் அனுப்பினேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யைக் கொஞ்சம் அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு புறவாசலுக்குப் போங்கள். பத்துச் செடிக்குப் பெயர் சொல்ல முடிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்!