காலம் காயத்தை ஆற்றுமா?

மரண வீடுகளில் தவறாமல் ஒலிக்கும் ஆறுதல் மொழி ஒன்று உண்டு. காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்பதே அது. சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். ஆயினும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் உள்ளத்தில் வேறொரு கேள்வி எழுகின்றது. காலம் என்பது மருந்திடும் மருத்துவனா? அல்லது எல்லாவற்றையும் அள்ளிச் செல்லும் வெள்ளமா? அது கொண்டுபோன என் பிள்ளை இப்போது எங்கே? காலம், இருப்பு, ஆன்மா என்பவை மெய்யியலாளர் மட்டும் ஆராயும் பொருள்கள் அல்ல. இழப்பைச் சந்தித்த ஒவ்வொருவரும் அவற்றின் வாசலில் ஒருமுறையேனும் நின்றிருக்கின்றனர்.

அந்த வாசலில் நெடுங்காலம் நின்ற ஒருவர் புனித அகுஸ்தீனார். கி.பி. 354 இல் வட ஆபிரிக்காவின் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தவர். இன்று அவ்வூர் அல்ஜீரிய நாட்டில் உள்ளது. இருபது வயதைச் சற்றே கடந்து, சொந்த ஊரில் ஆசிரியராகப் பணியாற்றிய நாட்களில், தம்மோடு சிறுவயது முதல் விளையாடிக் கற்று வளர்ந்த நண்பரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். பிறந்த ஊரே அவருக்கு வேதனைக் களமாயிற்று. சென்ற இடமெல்லாம் கண்கள் நண்பரைத் தேடின. அப்போது தமக்குத் தாமே ஒரு பெருங்கேள்வியாகிவிட்டதாகப் பிற்காலத்தில் தம் ‘அறிக்கைகள்’ நூலில் எழுதினார். துயரம் தாங்காது ஊரைவிட்டே கார்த்தேஜ் நகருக்குச் சென்றார்.

காலம் அவர் காயத்தை ஆற்றியதா? ஓரளவு ஆற்றியது என்பதை அவர் மறைக்கவில்லை. நாட்கள் வந்து போயின. புதிய நண்பர்கள் கிடைத்தனர். துயரம் மெல்ல மங்கியது. ஆனால் பின்னோக்கிப் பார்த்தபோது ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. ஒரு துயரத்தின் இடத்தில் அடுத்த துயரத்திற்கான வித்தே விதைக்கப்பட்டிருந்தது. சாவுக்குரிய ஒருவரைச் சாகாதவரைப் போல நேசித்து, தம் ஆன்மாவை மணலில் நீரைப்போல் வார்த்துவிட்டதை அவர் உணர்ந்தார். காலம் மறதியைத் தரலாம். நேசித்தவரைத் திருப்பித் தருவதில்லை.

அப்படியாயின் காலம் என்பதுதான் என்ன? 397 ஆம் ஆண்டளவில், ஹிப்போ நகரின் ஆயராக இருந்தபோது எழுதத் தொடங்கிய அந்நூலின் பதினோராம் பாகத்தில் அவர் இக்கேள்வியை எடுத்துக்கொள்கிறார். உலகைப் படைப்பதற்கு முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் எனச் சிலர் வினவினர். ஆழ்ந்தவற்றைத் துருவுவோருக்கு நரகத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார் என ஒருவர் கேலியாகப் பதில் கூறினாராம். அகுஸ்தீனார் அவ்வாறு நகைத்துத் தப்பிக்க விரும்பவில்லை. காலமும் ஒரு படைப்பே; ஆகவே படைப்புக்கு ‘முன்’ என்று ஒரு காலம் இருந்ததில்லை என்பது அவர் விடை.

பின்னர் அவர் நம் ஒவ்வொருவரின் அனுபவத்திற்கும் வருகிறார். இறந்த காலம் இப்போது இல்லை. எதிர்காலம் இன்னும் இல்லை. நிகழ்காலமோ நீளமற்ற ஒரு கணம். இல்லாத ஒன்றை நாம் எவ்வாறு அளக்கிறோம்? அவர் காட்டும் சான்று தமிழ் கற்றோர்க்கு எளிதில் விளங்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என நாம் பள்ளியிலே படித்திருக்கிறோம். கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் நம் இலக்கணிகள் அதற்கு அளவாக்கினர். அகுஸ்தீனாரும் தம் ஆசானான புனித அம்புரோசின் இலத்தீன் பாடல் அடி ஒன்றை எடுத்து, அதன் குறிலையும் நெடிலையும் அளந்து பார்க்கிறார். நெடில் ஒலித்துக்கொண்டிருக்கையில் அதை அளக்க இயலாது. அது இன்னும் முடியவில்லை. முடிந்தபின்போ அது மறைந்துவிட்டது. ஆகவே நாம் அளப்பது மறைந்த ஒலியை அன்று. அது உள்ளத்தில் பதித்துச் சென்ற தடத்தையே.

இதிலிருந்து அவர் கண்ட முடிவு ஆழமானது. ஆன்மாவில் மூன்று நிகழ்காலங்கள் உள்ளன. சென்றவற்றின் நிகழ்காலம் நினைவு. இருப்பவற்றின் நிகழ்காலம் கவனம். வருபவற்றின் நிகழ்காலம் எதிர்பார்ப்பு. கடிகாரம் ஓடுவது வெளியே. காலம் விரிவது ஆன்மாவினுள்ளே. அந்த விரிவு இனிமையானதாக மட்டும் இருப்பதில்லை. நினைவு ஒருபுறமும் எதிர்பார்ப்பு மறுபுறமும் இழுக்க, தாம் சிதறிக் கிடப்பதாக அகுஸ்தீனார் இறைவனிடம் முறையிடுகிறார்.

இந்தச் சிதறலின் முழு வேதனையை அறிய நம் மண்ணில் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மாரை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் பலர் விடை கிடையாமலே கண்மூடினர். அவர்களுக்கு நினைவு உண்டு, எதிர்பார்ப்பு உண்டு, ஆனால் இன்று நின்று அழுவதற்குச் சேமக்காலையில் ஒரு கல்லறைகூட இல்லை. அத்தகையவரிடம் காலம் ஆற்றும் என்று கூறுவது, மறந்துவிடு என்று கூறுவதற்கு ஒப்பாகும். உண்மையை அறியும் அவர்களது உரிமையை ஆறுதல் மொழியால் மூடிவிட எவருக்கும் உரிமையில்லை.

அன்புக்குரியவர்களே, நம் விசுவாசம் வேறொன்றைக் கூறுகின்றது. ஆபிரகாமைக் குறித்துப் பேசுகையில் ஆண்டவர் இயேசு தம்மைப் பற்றி இறந்தகாலச் சொல்லைக் கையாளவில்லை. நிகழ்காலச் சொல்லையே கையாண்டார் (யோவான் 8:58). இறைவனுக்கு நேற்றும் நாளையும் இல்லை. நம்மிடமிருந்து கழிந்துபோன எவரும் அவரிடமிருந்து கழிந்துபோவதில்லை. நாம் எங்கே என அறியாதோரையும் அவர் அறிவார்.

387 இல் ஓஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கா அன்னையார் மரணப் படுக்கையில் கிடந்தார். சொந்த ஊரில் கணவரின் கல்லறையருகே தமக்கென ஓர் இடத்தை அவர் முன்னரே ஆயத்தம் செய்திருந்தார். ஆயினும், தம் உடலை எங்கே அடக்கினாலும் கவலை வேண்டாம் என்றும், எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தருகே தம்மை நினைவுகூருமாறு மட்டுமே வேண்டுவதாகவும் பிள்ளைகளிடம் கூறினார். உறவுகளின் கல்லறைகளைக் கடலுக்கு அப்பாலும் கைவிட்டுவந்த ஊர்களிலும் கொண்டுள்ள நம்மவர்க்கு இச்சொல் எத்துணை அருகில் இருக்கின்றது! அன்று அகுஸ்தீனார் தம் வயதின் 33 ஆம் ஆண்டில் இருந்தார். அவர் அழாமல் இருக்க முயன்றார். பின் இறைவன் முன்னிலையில் தாராளமாக அழுதார். விசுவாசம் கண்ணீரைத் தடைசெய்வதில்லை. நண்பருக்காக அழுதபோது அவர் ஆறுதலற்றுத் தவித்தார். தாய்க்காக அழுதபோது அக்கண்ணீரை ஏந்த ஒருவர் இருந்தார்.

திருப்பலியில் எழுந்தேற்றத்தின் பின் நாம் அறிக்கையிடும் மறைபொருளைக் கவனியுங்கள். ஆண்டவரின் மரணத்தை நினைவுகூர்ந்து, அவர் உயிர்ப்பை இப்போது எடுத்துரைத்து, அவர் வருகையை எதிர்நோக்குகிறோம். அகுஸ்தீனார் ஆன்மாவில் கண்ட மூன்றும் அங்கே ஒன்றுகூடுகின்றன. ஒவ்வொரு நற்கருணை மன்றாட்டிலும் மரித்தோருக்கான செபம் இடம்பெறுவதும் அதனாலேயே பொருள்பெறுகின்றது. நவம்பர் 2 ஆம் நாளில் மட்டுமன்று, நாள்தோறும் பீடத்தருகே அவர்கள் பெயர் சொல்லப்படலாம்.

ஆகவே துயருற்ற ஓர் இல்லத்திற்கு நீங்கள் அடுத்தமுறை செல்லும்போது, காலம் ஆற்றும் என்று கூறி எழுந்துவிடாதீர்கள். பிரிந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். அவரைப் பற்றிக் கேளுங்கள். சொல்லப்படுவதைப் பொறுமையோடு செவிமடுங்கள். அடுத்த திருப்பலியில் அப்பெயரை ஒப்புக்கொடுங்கள். காலத்தைப் படைத்தவரிடம் நினைவைக் கையளிப்போர் எதையும் இழந்துபோவதில்லை.