மேடையில் ஓர் இடம், கையில் ஒரு சாட்சியம்

2020 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில், துணை அதிபர் வேட்பாளராக உரையாற்றினார் கமலா ஹாரிஸ். தம் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது 'சித்தி' என்ற தமிழ்ச் சொல்லை அவர் பயன்படுத்தினார். அந்த ஒரு சொல்லுக்காகத் தமிழ் பேசும் வீடுகளில் எவ்வளவு மகிழ்ச்சி! அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதால் நாமும் அன்று பெருமைப்பட்டோம். அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அந்தச் சொல்லால் அவருடைய கட்சியின் எந்தக் கொள்கையும் மாறிவிடவில்லை. மாறியது கேட்ட நம் மனம் மட்டும்தான்.

பேச்சுக்கு இப்படியொரு ஆற்றல் உண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் கிழக்குத் திசையிலிருந்து இருவர் வந்து பேசினார்கள். அவர்களின் சொல்வன்மையைக் கண்டு மக்கள் வியந்தபோது, சில பேச்சுகளில் சூனியம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை புகாரி நூலில் காண்கிறோம். அரசியல் மாநாட்டு உரைகளைக் கேட்கும் ஒரு வாக்காளர் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது. அமெரிக்க முஸ்லிம் வாக்காளர்களின் அனுபவத்தை வைத்து இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அவர்கள் தொலைவில் இருந்தாலும் அவர்களுக்கு ஏற்பட்டது நமக்கும் பாடமாக இருக்கிறது.

மாநாடு எதற்காக?

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்வு செய்யக் கட்சிகள் தேசிய மாநாடு கூட்டும் வழக்கம் 1830களில் தொடங்கியது. அப்போதெல்லாம் மாநாட்டில்தான் உண்மையான போட்டி நடக்கும். வேட்பாளர் நேரில் வந்து ஏற்புரை வழங்குவது வழக்கமில்லை. 1932இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் விமானத்தில் சிகாகோ வந்து, மாநாட்டிலேயே ஏற்புரை வழங்கிப் புது வழக்கத்தைத் தொடங்கினார்.

இன்று நிலைமை வேறு. மாநிலவாரியாக நடக்கும் முதற்கட்டத் தேர்தல்களிலேயே பெரும்பாலும் வேட்பாளர் யார் என்பது முடிவாகிவிடுகிறது. மாநாடு தொலைக்காட்சிக்கான நான்கு நாள் விழாவாகிவிட்டது. யார் பேசுவது, எந்த நேரத்தில் பேசுவது, என்ன பேசுவது என்பதையெல்லாம் ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். உரைகள் எழுதப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, பேச்சாளரின் கண்முன் திரையில் ஓடுகின்றன. கண்ணீரும் கைதட்டலும் எந்த இடத்தில் வரும் என்பதைக்கூட ஓரளவு கணித்து வைத்திருப்பார்கள்.

அங்கே தரப்படும் வாக்குறுதியின் கதி என்ன? 1988இல் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில், புதிய வரி எதுவும் போட மாட்டேன் என்று தந்தை புஷ் அடித்துச் சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அதிபரான பின் 1990இல் வரி உயர்வுக்கு ஒப்புக்கொண்டார். மக்கள் அதை மறக்கவில்லை. 1992 தேர்தலில் அவர் தோற்றதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

2016: ஒரு தந்தையின் உரை

2016 ஜூலை 28, பிலடெல்பியா. ஜனநாயகக் கட்சி மாநாட்டின் இறுதி நாள். பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வழக்கறிஞர் கிஸ்ர் கான், தம் மனைவி கஸாலாவுடன் மேடையேறினார். அவர்களுடைய மகன் ஹுமாயூன் கான் அமெரிக்க இராணுவத்தில் கேப்டன். 2004இல் ஈராக்கின் பகூபா நகரில், சந்தேகத்துக்குரிய ஒரு வாகனம் வந்தபோது தம் வீரர்களைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டுத் தாம் முன்னே சென்றவர். அந்த வாகனம் வெடித்து உயிரிழந்தார். அப்போது வயது 27.

முஸ்லிம்களை நாட்டுக்குள் அனுமதிக்கவே கூடாது என்று 2015 டிசம்பரில் அறிவித்திருந்த டொனால்ட் டிரம்பை நோக்கி அந்தத் தந்தை பேசினார். சட்டைப் பையிலிருந்து அரசியல் சாசனப் பிரதியை எடுத்துக் காட்டி, இதைப் படித்திருக்கிறீர்களா, என் பிரதியைத் தரட்டுமா என்று கேட்டார். சில நிமிட உரைதான். ஆனால் உலகம் முழுவதும் முஸ்லிம் வீடுகளில் அது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது. அருகில் நின்ற தாய் ஏன் பேசவில்லை, ஒருவேளை பேச அனுமதி இல்லையோ என்று டிரம்ப் சீண்டியபோது, மகனின் படத்தைப் பார்த்தால் தம்மால் பேச முடிவதில்லை என்று அந்தத் தாயே பத்திரிகையில் எழுதினார்.

மகனை இழந்த பெற்றோரின் துயரத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அன்று கைதட்டிய ஒரு முஸ்லிம் வாக்காளர், உணர்ச்சி அடங்கிய பிறகு இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டும். நான் இந்நாட்டுக்கு உண்மையானவன் என்று நிரூபிக்க ஒரு முஸ்லிம் தன் பிள்ளையின் உயிரை எடுத்துக்காட்ட வேண்டுமா? மற்ற குடிமக்களிடம் இப்படி யாரும் கேட்பதில்லையே? இரண்டாவது, அந்த மகனின் உயிரைப் பறித்த ஈராக் போருக்கு அனுமதியளிக்கும் தீர்மானத்தை 2002இல் செனட்டில் ஆதரித்தவர்களில், அதே மேடையின் வேட்பாளரான ஹிலாரி கிளிண்டனும் ஒருவர். மேடையில் அந்தத் தந்தைக்கு மரியாதை கிடைத்தது. அந்தப் போரைப் பற்றிய கணக்கு மேடையில் கேட்கப்படவில்லை.

தேர்தலில் டிரம்ப் வென்றார். பதவியேற்ற ஒரே வாரத்தில், 2017 ஜனவரி 27 அன்று, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்கள் அமெரிக்கா வருவதைத் தடுக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். அது நீதிமன்றங்களில் தடைபட்டு, மாற்றப்பட்டு, மூன்றாவது வடிவத்தில் 2018இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. 2021இல் பைடன் அதை நீக்கினார். யார் ஆட்சிக்கு வருகிறார் என்பதில் முஸ்லிம் குடும்பங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. ஆகவே 'எல்லோரும் ஒன்றுதான், ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது' என்ற பேச்சும் சரியல்ல.

2024: மறுக்கப்பட்ட சில நிமிடங்கள்

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டை ஒட்டியுள்ள டியர்போர்ன் நகரின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அரபு வழிவந்தவர்கள். லெபனான், யமன், ஈராக், ஃபலஸ்தீன் என்று பல நாடுகளில் உறவுகள் உள்ள குடும்பங்கள். 2020இல் அந்நகரின் வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பைடனுக்கு விழுந்தன. காஸா மீதான போரில் அவருடைய அரசு இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்துவந்ததைக் கண்டு, 2024 பிப்ரவரி 27 அன்று நடந்த முதற்கட்டத் தேர்தலில் மிச்சிகன் மக்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 'யாருக்கும் உறுதியளிக்கவில்லை' என்ற இடத்தில் வாக்களித்துத் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். மற்ற சில மாநிலங்களிலும் இதே போல் நடந்தது. இதனால் ஆகஸ்டில் நடந்த சிகாகோ மாநாட்டுக்கு அந்த இயக்கத்தின் சார்பில் சுமார் 30 பிரதிநிதிகள் சென்றார்கள்.

அவர்கள் கேட்டவற்றில் ஒன்று மிகச் சிறியது. ஃபலஸ்தீன் வழிவந்த அமெரிக்கர் ஒருவருக்கு மேடையில் சில நிமிடங்கள். ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ருவா ரம்மான் அதற்கான உரையைத் தயாராக வைத்திருந்தார். போர்நிறுத்தம் கேட்கும் அந்த உரை, கமலா ஹாரிஸை வெற்றிபெறச் செய்யுங்கள் என்றும் சொன்னது. அப்படியும் அனுமதி கிடைக்கவில்லை. பிரதிநிதிகள் அரங்கத்துக்கு வெளியே தரையில் அமர்ந்து இரவைக் கழித்தார்கள்.

அதே மாநாட்டில், ஹமாஸ் பிடித்துவைத்திருந்த இளைஞர் ஒருவரின் பெற்றோர் பேச அழைக்கப்பட்டார்கள். அவர்களின் வேதனை உண்மையானது. காஸாவின் அப்பாவி மக்கள் படும் துயரமும் முடிய வேண்டும் என்று அவர்கள் தங்கள் உரையில் சொன்னதையும் நாம் நியாயமாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரு தரப்புப் பெற்றோரின் கண்ணீருக்கு இடம் கிடைத்தது முறையே. மறுதரப்புக்கு ஏன் இல்லை என்பதுதான் டியர்போர்ன் வாக்காளரின் நெஞ்சை அறுத்த கேள்வி.

ஆகஸ்ட் 22 அன்று கமலா ஹாரிஸ் ஏற்புரை வழங்கினார். இஸ்ரேல் தன்னைத் தற்காத்துக்கொள்ளும் திறனை எப்போதும் உறுதிசெய்வேன் என்றார். காஸாவில் நடப்பது நெஞ்சை உலுக்குகிறது என்றும், போரை முடிக்க முயல்வதாகவும், ஃபலஸ்தீன் மக்கள் கண்ணியத்தையும் சுயநிர்ணய உரிமையையும் அடைய வேண்டும் என்றும் சொன்னார். அரங்கம் இரண்டுக்கும் கைதட்டியது. ஆனால் கூர்ந்து கேட்டவர்களுக்கு வேறுபாடு தெரிந்தது. முன்னது 'நான் செய்வேன்' என்ற உறுதி. பின்னது 'நடக்க வேண்டும்' என்ற விருப்பம். உறுதிக்குப் பின்னால் ஆயுதம் இருந்தது. விருப்பத்துக்குப் பின்னால் அத்தகைய உறுதி எதுவும் இல்லை.

கோபமும் ஒரு மயக்கமே

ஒரு மாதத்துக்கு முன்பு மில்வாக்கியில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்திருந்தது. டிரம்ப் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் பேசினார். ஒற்றுமை என்று தொடங்கிய உரை, விரைவில் குடியேறிகள் மீதான கடும் பேச்சுக்குத் திரும்பியது. கூட்டத்தில் பலர், பெருமளவில் நாடுகடத்துங்கள் என்ற பதாகைகளைப் பிடித்திருந்தார்கள். ஆனால் தேர்தல் நெருங்கியபோது, மிச்சிகன் கூட்டமொன்றில் இமாம்கள் அவருடன் மேடையேறினார்கள். அவர் டியர்போர்னுக்கே நேரில் வந்தார். அமைதியைக் கொண்டுவருவேன் என்றார்.

முடிவு என்ன? டியர்போர்னில் டிரம்புக்குச் சுமார் 42 சதவீதம், ஹாரிஸுக்குச் சுமார் 36, மூன்றாவது வேட்பாளர் ஜில் ஸ்டைனுக்குச் சுமார் 18. சிலர் நம்பிக்கையோடு போட்டார்கள். சிலர் தண்டிப்பதற்காகப் போட்டார்கள். அவர்களின் வலியை இங்கிருந்து எடைபோட நமக்குத் தகுதியில்லை.

ஆனால் பின்னர் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரியில் ஒரு போர்நிறுத்தம் வந்தது, மார்ச்சில் முறிந்தது. பிப்ரவரியில், காஸா மக்களை வேறு நாடுகளில் குடியமர்த்திவிட்டு அந்த நிலத்தை அமெரிக்கா எடுத்துக்கொள்ளும் என்று டிரம்ப் பேசினார். ஜூனில் 12 நாடுகளின் மக்களுக்குப் புதிய பயணத்தடை வந்தது. அதில் யமனும் உண்டு. அக்டோபரில் அவருடைய திட்டத்தின் பேரில் மீண்டும் ஒரு போர்நிறுத்தம் ஏற்பட்டதும் உண்மை. நல்லதை நல்லது என்றும், அநீதியை அநீதி என்றும் சொல்வதே நீதி. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து விலக்கிவிட வேண்டாம் என்பதே அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் நமக்குத் தரும் பாடம்.

வாக்கு ஒரு சாட்சியம்

முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்கை மூன்று நிலைகளில் விளக்கினார்கள். அது ஒரு சாட்சியம். ஒரு பரிந்துரை. ஒருவரை நம் சார்பாக நியமிக்கும் வகாலத். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர், எதிர் வழக்கறிஞர் அழகாகப் பேசினார் என்பதற்காகச் சாட்சியத்தை மாற்றுவாரா? கோபத்தில் இருக்கிறேன் என்று பொய் சாட்சி சொல்வாரா? வாக்காளரும் அப்படித்தான்.

ஆகவே மாநாட்டு உரை எதைக் கேட்டாலும், குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, இந்த மேடையில் யாருக்கு இடமில்லை? யாரை ஏற்றியிருக்கிறார்கள் என்பதைவிட, யாரை ஏற்றவில்லை என்பது சில நேரம் அதிகம் சொல்லும்.

இரண்டு, இதில் எது வாக்குறுதி, எது வெறும் விருப்பம்? எந்தச் சட்டம், எவ்வளவு பணம், எந்தக் காலத்துக்குள் என்று இருந்தால் அது வாக்குறுதி. 'உங்களோடு இருப்போம்' என்பது வெறும் சொல்.

மூன்று, நேற்று இவர் என்ன செய்தார்? செய்யாததைச் சொல்வது அல்லாஹ்விடம் மிக வெறுப்புக்குரியது என்று அஸ்ஸஃப் அத்தியாயத்தின் தொடக்கம் எச்சரிக்கிறது. அவையில் எவர் எப்படி வாக்களித்தார், ஆட்சியில் எதில் கையெழுத்திட்டார் என்பதை இன்று கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கலாம்.

நம் ஊர் மாநாட்டுத் திடலுக்கும் இது பொருந்தும். ஒரு தலைவர் தொப்பி அணிந்து நோன்புக் கஞ்சி குடித்தால் மனம் குளிர்கிறது. ஸலாம் சொல்லி உரையைத் தொடங்கினால் கைதட்டுகிறோம். மரியாதைக்கு நன்றி சொல்வோம். ஆனால் அந்த நன்றிக்காக வாக்கைக் கொடுத்துவிட வேண்டாம். மஹல்லாவின் பிள்ளைகளுக்குப் படிப்பு, வேலை, வக்ஃப் சொத்துக்குப் பாதுகாப்பு, எல்லாச் சமூகத்தின் ஏழைகளுக்கும் நியாயம் ஆகியவற்றில் அவர் செய்தது என்ன என்று கேட்போம்.

மாநாட்டு மேடை நான்கு நாளில் பிரிக்கப்பட்டுவிடும். நாம் சொல்லும் சாட்சியம் பற்றி மறுமையில் நம்மிடம் கேட்கப்படும். சொல்லைச் செவியேற்று அதில் மிக நல்லதைப் பின்பற்றுவோரை அல்லாஹ் அஸ்ஸுமர் அத்தியாயத்தில் புகழ்கிறான். அந்தக் கூட்டத்தில் நம்மையும் நம் பிள்ளைகளையும் அவன் சேர்த்தருள்வானாக. ஆமீன்.