தொலைக்காட்சியில் நம் பிள்ளைகள் காணத் தக்கவை

இம்மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீடு இன்று அரிது. தாராவியின் பத்துக்குப் பத்து அறையாயினும், மாட்டுங்காவின் பழைய மாடி வீடாயினும், செம்பூரின் குடியிருப்பாயினும் மாலை ஏழு மணியானால் அப்பெட்டி கண் விழித்துக்கொள்கிறது. மாமியார் மருமகளுக்கு நஞ்சு வைப்பதும், மருமகள் மாமியாரைச் சிறைக்கு அனுப்புவதும் இரவு பத்து மணிவரை தடையின்றி நடந்தேறுகின்றன. பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பது இப்பெட்டியே என்று தாய்மார் குறை கூறுவதைக் கேட்கிறோம். குறை கூறிக்கொண்டே தொடரின் அடுத்த பகுதிக்குக் காத்திருப்பதையும் காண்கிறோம்.

பெட்டியின்மீது குற்றமில்லை என்பது என் கருத்து. நம் நாட்டில் தொலைக்காட்சி பிறந்ததே மக்களுக்குக் கற்பிக்கும் நோக்கத்தோடுதான். 1959 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் ஒளிபரப்புத் தொடங்கியது. 1961 இல் அந்நகரப் பள்ளிகளுக்கு அதன் வாயிலாகப் பாடங்கள் வந்தன. பம்பாய்க்கு அது வந்தது 1972 அக்டோபர் 2 ஆம் நாள். சென்னைக்கு 1975 இல்தான் வந்தது. ஆகவே இந்நகரத் தமிழர், ஊரிலிருந்த தம் உறவினரைவிட மூன்றாண்டு முன்னரே தொலைக்காட்சி கண்டவர்! அதே 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றன் துணையால் ஆறு மாநிலங்களில் 2400 சிற்றூர்களுக்கு உழவும் நலவாழ்வும் கல்வியும் பற்றிய நிகழ்ச்சிகள் சென்றன. பின்னாளில் விளம்பரமும் வேடிக்கையும் மேலோங்கினவெனினும், பொதுப்பணத்தில் இயங்கும் தொலைக்காட்சிகள் வரலாறு பற்றியும் இயற்கை பற்றியும் எடுத்த நல்ல படங்கள் அழிந்துவிடவில்லை. அவற்றுட் பல இன்று கைப்பேசியிலேயே காணக் கிடைக்கின்றன. அவற்றுள் நம்மவர் தேடிக் காணவேண்டியவை எவை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

இது நமக்கு ஏன் இத்துணை இன்றியமையாதது? இம்மாநிலப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்பு வரலாற்றுப் பாடம் பல்லாண்டுகளாகச் சத்ரபதி சிவாஜியின் வரலாறே. நம் பிள்ளைகளும் அதை ஆர்வத்தோடு கற்கிறார்கள். இராய்கட், பிரதாப்கட் என்று கோட்டைகளின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். உண்ணும் சோற்றை விளைவித்த மண்ணின் வரலாற்றை அறிவது நன்றே. ஆயின் கரிகாலன் யார், இராசராசன் எவ்வூரை ஆண்டான் என்று கேட்டால் விழிக்கிறார்கள். மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு இக்குறை சிறிது குறைவு. ஆங்கில, இந்தி, மராத்திப் பள்ளிகளில் பயில்வோருக்கோ தமிழகம் என்பது கோடை விடுமுறையில் இரயிலேறிச் சென்று, வெயிலில் வாடித் திரும்பும் ஓர் ஊர், அவ்வளவே. வீட்டில் பாட்டி தமிழன்றி வேறறியாள். பேரனோ தமிழில் நான்கு சொல் சேர்த்துப் பேசத் தடுமாறுகிறான். ஒரே அறையில் வாழும் இவ்விருவருக்கும் பேசிக்கொள்ளப் பொருளில்லாமற் போவதுதான் நம் குடும்பங்களில் ஓசையின்றி நடைபெறும் பேரிழப்பு.

இதற்கு மருந்தாக நான் முதலில் வைப்பது 'பாரத் ஏக் கோஜ்' என்னும் தொடர். பண்டித ஜவாஹர்லால் நேரு அகமத்நகர்க் கோட்டைச் சிறையில் 1944 இல் எழுதி, 1946 இல் வெளிவந்த 'இந்தியாவைக் கண்டறிதல்' என்னும் நூலைத் தழுவி, ஷியாம் பெனகல் தூர்தர்ஷனுக்காக எடுத்தது. 1988 இல் தொடங்கி 53 பகுதிகளாக வந்தது. பெரும்பகுதி படமாக்கப்பட்டது நம் கோரேகாவ் பிலிம் சிட்டியிலேயே. நேருவாக ரோஷன் சேத் தோன்றி வழிநடத்த, ஓம் புரியின் குரல் கதையை நடத்திச் செல்கிறது. ஆடையிலும் அரங்கிலும் இக்காலத் தொடர்களின் பகட்டு இல்லை. அரசர்கள் மனிதரைப்போலவே பேசுகிறார்கள். பேசும்போது பின்னால் இடி இடிப்பதில்லை.

அத்தொடரில் சங்க காலமும் சிலப்பதிகாரமும் இடம்பெற்றுள்ளன. சோழப் பேரரசுக்கும் தனி இடம் உண்டு. ஐம்பத்து மூன்றனுள் தென்னாட்டுக்குக் கிடைத்த பங்கு சிறிதே என்று குறை கூறுவோரோடு நானும் சேர்ந்துகொள்வேன். நூலாசிரியர் வடநாட்டவர், அவர் கண்ணில் பட்ட அளவே படத்திலும் வந்தது. ஆயினும் புகார் நகர வணிகன் மகள் மதுரை மன்னன் அவையேறி நீதி கேட்ட கதையை, காசுமீரம் முதல் அசாம்வரை இருந்தோர் தம் வீட்டுப் பெட்டியில் கண்டார்கள் என்பது சிறிய செய்தியன்று.

கண்ணகி அதில் இந்தியில் பேசுகிறாள். இதைக் கேட்டு நம் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். நான் சொல்வது, அந்தக் குறையையே பயனாக்கிக்கொள்ளுங்கள் என்பது. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் நடந்ததைக் கூறுகிறேன். ஆறாம் வகுப்புப் பயிலும் சிறுவன் இந்தி வசனத்தைப் பாட்டிக்குத் தன் உடைந்த தமிழில் விளக்கிக்கொண்டு வந்தான். சிலம்பு உடையும் கட்டம் வருமுன்னே பாட்டி அவன் வாயை அடக்கிவிட்டார். "நீ சும்மா இருடா, அது எனக்குத் தெரியும். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம்" என்று தொடங்கி, மதுரை எரிந்ததுவரை அவரே சொல்லி முடித்தார். இளமையில் திருநெல்வேலிப் பக்கம் தெருக்கூத்தில் கண்டதாம்! பேரன் பெட்டியை விட்டுவிட்டுப் பாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். படிப்பறியாத தன் பாட்டிக்குப் பள்ளியாசிரியர்க்கும் தெரியாத ஒன்று தெரிந்திருக்கிறது என்பதை அவன் அன்றுதான் அறிந்தான் போலும். மறுவாரம் அவன் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லக் கிழவியார் தம் தமக்கைக்கு ஊருக்குத் தொலைபேச வேண்டியதாயிற்று.

அதே தொடரில் சிவாஜி பற்றிய பகுதிகளும் உள்ளன. நஸீருத்தீன் ஷா சிவாஜியாக நடித்திருக்கிறார். அவற்றைக் காட்டும்போது பெற்றோர் ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லவேண்டும். 1677 இல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்து கைக்கொண்ட கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று. அவர் மைந்தர் இராசாராம் முகலாயருக்குத் தப்பி வந்து, செஞ்சியில் இருந்துகொண்டு சில ஆண்டுகள் மராட்டிய அரசை நடத்தினார். தஞ்சையிலோ போன்சலே மரபினர் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இருந்தனர். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த சரபோஜி மன்னர் அம்மரபினரே. 2025 சூலையில் யுனெஸ்கோ மராட்டியப் படைக்கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, பதினொன்று இம்மாநிலத்தைச் சேர்ந்தவை; பன்னிரண்டாவது நம் செஞ்சி. பள்ளியில் "நீ மதராசி, உனக்கென்ன தெரியும்?" என்று கேட்கப்படும் பிள்ளை, இச்செய்தியை அறிந்திருத்தல் நலம்.

பிரிட்டிஷ் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.சி. 2007 இல் வெளியிட்ட 'இந்தியாவின் கதை' ஆறு பகுதிகள் கொண்டது. மைக்கேல் வுட் என்னும் வரலாற்றாசிரியர் நேரிலேயே ஊர் ஊராகச் சென்று பேசுகிறார். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன், மதுரைக்கு அருகிலுள்ள சிற்றூர் மக்களின் குருதியை ஆய்ந்து, ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட தொல்மாந்தரின் தடத்தைக் கண்ட செய்தி முதற் பகுதியில் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலும் இராசராசனும் பின்னொரு பகுதியில் வருகின்றன. ஆங்கிலம் எளிதாகவே உள்ளது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு 'சம்விதான்' என்னும் பத்துப் பகுதித் தொடரைக் கூறுவேன். இதுவும் பெனகல் எடுத்ததே. 2014 இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சியில் வந்தது. அரசியல் நிருணய சபையில் நடந்த வாதங்களைக் காட்டுவது. அம்பேத்கராக சச்சின் கேடேகர் நடித்திருக்கிறார். மாட்டுங்காவாசிகள் நடந்தே செல்லக்கூடிய தாதர் இந்துக் காலனியில் அப்பெரியாரின் 'இராஜகிருகம்' இருக்கிறது. படத்தைக் கண்ட ஞாயிறன்றே பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம்.

அறிவியலைப் பற்றி ஒரு சொல். 1980 பிப்ரவரி 16 அன்று முழுச் சூரிய கிரகணம் வந்தபோது நாடெங்கும் மக்கள் கதவடைத்து உள்ளே இருந்தனர், தெருக்கள் வெறிச்சோடின. 1995 அக்டோபர் 24 இல் மீண்டும் கிரகணம். இம்முறை தூர்தர்ஷன் அதை நேரடியாகக் காட்டியது. பேராசிரியர் யஷ்பால் அருகிருந்து விளக்கினார். பதினைந்தாண்டில் இத்துணை மாறுதல்! இடையில் 'டர்னிங் பாயிண்ட்' என்னும் நிகழ்ச்சியில் அதே யஷ்பால், கேட்போர் எழுதிய எளிய வினாக்களுக்குப் புன்னகையோடு விடையளித்து வந்தார். அவ்வாறே 'சுரபி'யும். 1990 இல் தொடங்கி 2001 வரை ஓடிய அந்நிகழ்ச்சி நம் நாட்டுக் கலைகளையும் கைத்தொழில்களையும் காட்டியது. அதன் வினாக்களுக்கு வந்து குவிந்த அஞ்சலட்டைகளைத் தாங்காமல், அஞ்சல் துறை போட்டிகளுக்கென்றே தனி அட்டை வெளியிட நேர்ந்தது. அக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளாயிருந்தோர் பலர் இன்று பெற்றோர். அவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டுவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கைப்பேசியில் வரலாறு என்ற பெயரில் வருவனவெல்லாம் வரலாறல்ல. குமரிக்கண்டத்தில் ஐம்பதினாயிரம் ஆண்டுகட்கு முன் தமிழர் விமானம் விட்டனர் என்று முழங்கும் படங்கள் ஆயிரம் உலவுகின்றன. கடலில் அமிழ்ந்த 'லெமூரியா' என்னும் கண்டம், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கெச்சங்கள் கிடைத்ததற்குக் காரணம் தேடி, 1864 இல் ஸ்க்லேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் செய்த ஊகம். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது நிலைபெற்றபின் அறிவியலார் அதைக் கைவிட்டனர். நமக்குப் பெருமை சேர்க்கப் பொய் எதற்கு? கீழடியில் மண்ணுக்குள்ளிருந்து செங்கற் சுவரும், எழுத்துப் பொறித்த பானையோடும் வந்திருக்கின்றன. 2023 இல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டுவிட்டது. அதைப் பற்றிய படத்தைத் தேடிக் காட்டுங்கள்.

எங்கே காண்பது என்று கேட்பீர்கள். தூர்தர்ஷனின் 'ப்ரீ டிஷ்' கிண்ணமும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். மாதக் கட்டணம் கிடையாது. பொதிகை என்று வழங்கி, 2024 சனவரி முதல் 'டிடி தமிழ்' எனப் பெயர் மாறிய அலைவரிசையும் அதில் வருகிறது. பழைய தொடர்களுக்கு பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்தின் யூடியூப் பக்கம் உண்டு. தமிழக அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களையும் யூடியூபிலேயே காணலாம். தமிழ் எழுத்துக் கற்கும் சிறுவர்க்கு இது பெருந்துணை. ஒன்று மட்டும்: கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். அருகில் ஒருவர் அமரவேண்டும். இடம் நெருக்கடியான வீட்டினர் நாலைந்து பேர் சேர்ந்து, சங்கக் கூடத்தில் திரை கட்டிக் காணலாம். நிருவாகிகள் மறுக்கமாட்டார்கள் என்றே எண்ணுகிறேன்.

இனி இயற்கை. இரயில்வேக்காரன் என்பதால், பி.பி.சி. 2010 இல் காட்டிய இந்திய மலை இரயில்கள் பற்றிய மூன்று படங்களை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. நீலகிரி வண்டி கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை பற்சக்கரத்தைக் கடித்துக் கடித்து ஏறுவதும், இருபுறமும் காடு விரிவதும் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் நம் பிள்ளைகள் கட்டாயம் காணவேண்டியது 2016 இல் வந்த 'பிளானட் எர்த்' இரண்டாம் வரிசையில் 'நகரங்கள்' என்னும் பகுதி. டேவிட் அட்டன்பரோவின் குரல். இருளிலும் காணும் கருவிகொண்டு, நம் மும்பையில் இரவில் இரை தேடும் சிறுத்தைகளைப் படமெடுத்திருக்கிறார்கள்! போரிவிலியை ஒட்டி நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலிருந்து அவை குடியிருப்புகளின் ஓரம்வரை வந்து போகின்றன. காடு என்றால் ஆப்பிரிக்கா என்று எண்ணும் சிறுவனுக்கு, தான் ஏறும் மின்வண்டிப் பாதையின் அருகிலேயே சிறுத்தை உலவுகிறது என்பது எத்துணை வியப்பு!

படம் கண்டபின் வெளியே செல்வதற்கும் வழியுண்டு. தாராவிக்கு எதிரே, ஒருகாலத்தில் குப்பைமேடாக இருந்த நிலத்தில் மரம் வளர்த்து ஆக்கிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. தாராவிவாசிகளுள் பலர் அதன் வாயிலைக் கடந்ததில்லை. மற்றொன்று பூநாரை. நவம்பர் முதல் மே வரை அவை ஆயிரக்கணக்கில் தாணே கழிமுகத்தில் வந்திறங்குகின்றன; 2015 இல் அக்கழிமுகத்தின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் வந்து தங்கும் அதே இனத்தவைதாம். செம்பூரில் ஹார்பர் வண்டி ஏறினால், வடாலா ரோட்டுக்கு அடுத்தது சிவ்ரி. அங்கிருந்து கடற்கரைப் பக்கம் சென்றால் சேற்றுநிலம் தெரியும். ஓதம் முழுதும் ஏறியிருந்தால் பறவைகள் இரா. முழுதும் வற்றியிருந்தால் தொலைவுக்குப் போய்விடும். ஆகவே அன்றைய ஓத நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு, இடைப்பட்ட வேளையில் போய்ச் சேருமாறு புறப்படுங்கள். பாட்டிமாரையும் அழைத்துச் செல்லுங்கள். நிலையத்திலிருந்து ஆட்டோ கிடைக்கும்.