கரை சேர்ந்த ரோமக் காசுகள்

மாமல்லபுரத்தில் பொ.ஆ. 4ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் தியோடோசியஸின் காசு கிடைத்திருப்பது, பல்லவர் கோயில்கள் எழுவதற்கு முன்பே இக்கரை கடல் வணிகத்தை அறிந்திருந்ததைக் காட்டுகிறது. எனினும் ஒற்றைக் காசு பல கைகள் மாறியும் வந்திருக்கலாம் என்பதால், பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஆம்போரா எனப்படும் இருகைப்பிடி மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் அச்சான்றுக்கு வலுவூட்டுகின்றன. இவ்வணிகத்தில் வந்த காசுகள் இங்கே எப்படிக் கையாளப்பட்டன என்பதற்கும் சான்று உண்டு: 1898இல் அறியவந்த புதுக்கோட்டைப் புதையலின் 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலையுருவுக்குக் குறுக்கே உளிவெட்டு விழுந்துள்ளது; அவை மீண்டும் நாணயமாகப் புழங்காதிருக்கவே வெட்டப்பட்டன என அறிஞர் சிலர் கருதுகின்றனர். மிளகுக்கும் முத்துக்கும் துகிலுக்கும் ஈடாக இறங்கிய பொன், இங்கே முத்திரையைவிட எடையாலும் மாற்றாலுமே மதிக்கப்பட்டது போலும்.